'ரு'வில் தொடங்கும் பாட்டு

இன்னும் மூன்று பேர் பாடிவிட்டால் தன்னுடைய முறை வந்துவிடும் என்பது வசுமதிக்குத் தெரிந்திருந்தது. எந்த எழுத்து வந்து விழும் என்பதுதான் தெரியவில்லை. ஒருவர் பாடும் பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ, அந்த எழுத்தில் தலைப்பு தொடங்குகிற பாட்டை அடுத்தவர் எடுக்க வேண்டும், அதுவும் ஜப்பானியப் பாட்டாக இருக்க வேண்டும். மாலை வேண்டாம், சால்வை வேண்டாம், கேடயம் வேண்டவே வேண்டாம், எல்லாரும் உட்கார்ந்து இதை விளையாடலாம் என்று ஒகுனோ-சான் தன் பிரிவு உபசாரத்துக்குக் கேட்டுக்கொண்டதைத் தமிழாக்கி நிர்வாகப் பிரிவு பெனிட்டாவிடம் சொன்னவளே அவள்தான். அவள் வேலையே அதுதானே, அவர் ஜப்பானிய மொழியில் சொல்வதை இவர்களுக்கும் இவர்கள் சொல்வதை அவருக்கும் சொல்வது, பதினெட்டு வருடமாக வெவ்வேறு கம்பெனிகளில், இந்த ஒரகடத்துக் கம்பெனியில் மூன்று வருடமாக. சனிக்கிழமை, அரை நாள் வேலை முடிந்து மூன்று மணி. ஜப்பான்காரர்களை நம்பியே நடக்கிற ஓட்டலின் மாடியில் இந்த அறை. வெளியே வெயில் கொளுத்துகிறது, உள்ளே தடித்த திரையை இழுத்துவிட்டு ஏசியைப் பதினெட்டில் வைத்திருக்கிறார்கள், சுவரில் பெரிய டிவியில் பாட்டு வரிகள் நிறம் மாறிக்கொண்டே ஓடுகின்றன. மேஜைமேல் உப்புப் போட்டு அவித்த பச்சை சோயாக்காய், கோழி வறுவல், வேன் டிரைவர் ஏழுமலைக்கென்று எங்கிருந்தோ வரவழைத்த தயிர்சாதம். மைக் இப்போது தணிகாசலத்திடம். பிரஸ் செக்‌ஷன் இன்சார்ஜ், அறுநூறு டன் பிரஸ்ஸின் சத்தத்துக்கு மேல் பேசிப் பழகிய தொண்டை, மைக்கே தேவையில்லை, தவளையைப் பற்றிய குழந்தைப் பாட்டை வண்டிக்காரன் மாட்டை ஓட்டுவதுபோலப் பாடுகிறான். ஒகுனோ-சான் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கித் தட்டுகிறார். ஐம்பத்தெட்டு வயது, தரக் கட்டுப்பாட்டுத் தலைவர், காலர் இப்போது கழுத்தில் நிற்கவில்லை, ஒரு விரல் நுழைகிற இடத்தில் மூன்று விரல் நுழையும். டயட்டா சார் என்று போன வாரம் யாரோ கேட்டான். புதன்கிழமை நகோயா போகிறார், தலைமை அலுவலகத்தில் பெரிய பதவி, அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறது. பதவி இல்லை, ஆஸ்பத்திரிப் படுக்கை. அது இந்த அறையில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவருக்கும், அதை அவரிடம் சொன்ன அவளுக்கும். சொன்னாளா? வேண்டாம், அதை இப்போது நினைக்க வேண்டாம்.

பாட்டுகளைப் பற்றி நினைக்கலாம். மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பொறுக்கிய பாட்டுகள். ஜப்பானிய எழுத்து நாற்பத்துச் சொச்சம், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பாட்டாவது வேண்டும், அதுவும் நகோயாவில் ஆறு மாதம் பயிற்சிக்குப் போய்வந்த இந்தப் பன்னிரண்டு பேர் வாயில் நுழைகிற பாட்டாக வேண்டும். குரோம்பேட்டை ஃபிளாட்டில் சாப்பாட்டு மேஜைமேல் நீள நோட்டைப் பரப்பிக்கொண்டு, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு வரியையும் தமிழ் எழுத்தில் எழுதினாள். நமக்கு ஒரே க. அதையே அவர்கள் இரண்டு விதமாகச் சொல்வார்கள், அழுத்த வேண்டிய இடத்தில் சிவப்பு மையால் ஒரு கோடு, விட வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை. இருந்தும் தணிகாசலம் கோட்டைப் பார்க்காமல் எல்லாவற்றையும் அழுத்துவான், தெரியும். முதல் ஞாயிறு எழுத்து எழுத்தாக எழுபது பாட்டு சேர்ந்தது. இரண்டாம் ஞாயிறு உட்கார்ந்து கேட்டபோதுதான் பார்த்தாள், இந்த ஜப்பானியப் பாட்டுகளில் எப்போதும் யாராவது ஒருத்தர் ரயில் பிளாட்பாரத்தில் நிற்கிறார்கள். இல்லாவிட்டால் துறைமுகத்தில். பனி பெய்கிறது, கப்பல் ஊதுகிறது, போகிறவன் திரும்பிப் பார்ப்பதில்லை. கிளம்புகிற மனுஷனுக்கு முன்னால் கிளம்புகிற பாட்டா, அடித்தாள். காத்திருக்கிற பாட்டுகளை அடித்தாள். 'ஹ'வில் அருமையாக ஒன்று இருந்தது, அடுத்த வசந்தத்தில் இதே மரத்தடியில் சந்திக்கலாம் என்று முடியும், அதன்மேல் பேனாவை வைத்தவள் எடுக்கவில்லை, மை ஊறிப் பின்பக்கம் வரை இறங்கிவிட்டது. அடுத்த வசந்தம் என்றால் ஏப்ரல். ஏப்ரலுக்கு எத்தனை மாதம். கடைசியில் மிஞ்சியவை தவளை, சைக்கிள், நூடுல்ஸ் கடை, மழைக்கு முன்னால் துணி எடுக்க ஓடுகிற ஒரு பெண். 'ரு'வுக்குத்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த மொழியிலேயே 'ரு'வில் தொடங்குகிற சொல் கொஞ்சம். தேடித் தேடி ஒன்றே ஒன்று, ஆளில்லாத வீட்டில் அடித்துக்கொண்டே இருக்கிற டெலிபோனைப் பற்றி. அதை எழுதும்போது சமையலறையில் பிரிட்ஜ் நின்றது, நின்ற பிறகுதான் அதுவரை அது ஓடிக்கொண்டிருந்தது தெரிந்தது, வீடு அவ்வளவு சத்தமில்லாமல் போனது. இது யாருக்கும் வரக் கூடாது, வந்தால் நானே எடுத்துக்கொள்கிறேன் என்று ஓரத்தில் தன் பெயரை எழுதிவைத்தாள்.

தவளைப் பாட்டு முடிந்து கைதட்டல். "மேடம், கடைசி எழுத்து என்ன?" என்று தணிகாசலம் மூச்சு வாங்கக் கேட்டான். "தா," என்றாள். 'தா'வுக்கு பெனிட்டா நோட்டைப் புரட்டினாள், பெனிட்டாவின் நெயில்பாலிஷ் அதன் சிவப்புக் கோடுகள் மாதிரியே சிவப்பு. தா, தாவிலிருந்து தாபி, பயணம். தாமாகோ, முட்டை. தாகாரா, புதையல். இப்படித்தான் மூளை ஓடுகிறது, யார் எந்தச் சொல்லை முடித்தாலும் வால் எழுத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்கு ஓடுகிறது, வேனில் மூன்று வருடம் ஓடி ஓடிப் பழகிவிட்டது. காலை ஏழுக்கு குரோம்பேட்டையில் ஏறுவாள், ஒகுனோ-சான் முன்னமே ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பார், ஒரு மணி பத்து நிமிடம் போக, ஒரு மணி பத்து நிமிடம் வர, லாரி மறித்துக்கொண்டால் இரண்டு மணி. முதல் வாரம் அவர் வெளியே பார்த்தார், அவள் வெளியே பார்த்தாள். இரண்டாம் வாரம் பெருங்களத்தூர் நெரிசலில் வேன் நின்றபோது அவர் கூச்சத்தோடு கேட்டார், சொற்சங்கிலி தெரியுமா. வால் எழுத்தில் அடுத்த சொல், சின்னப் பிள்ளைகள் விளையாட்டு. நெகோ, பூனை. கொமே, அரிசி. மெகானே, கண்ணாடி. 'ன்'னில் முடிகிற சொல்லைச் சொன்னவர் அவுட், ஏனென்றால் அங்கே 'ன்'னில் எந்தச் சொல்லும் தொடங்காது. அப்படியென்றால் எங்கள் ஊர் ஆம்பிளைப் பேர் பாதி அவுட்தான் என்று அவள் சொல்லி, மணிமாறன், கதிரவன், குணசேகரன் என்று அடுக்க, அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், ஏழுமலை கண்ணாடியில் பார்த்தான். வசுமதி என்ற பெயர் அவர் வாயில் பாஸுமதி ஆகிவிடும், வ வராது, அரிசி மாதிரி இருக்கிறதே என்று முதலில் எரிச்சலாக இருந்தது, பிறகு அந்த அரிசிப் பெயரால் கூப்பிட ஒருத்தர் இருப்பது, அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லைதான். ஞாயிற்றுக்கிழமை அவர் மனைவி நகோயாவிலிருந்து பேசுவார், திங்கட்கிழமை வேனில் அதைச் சொல்வார், வீட்டுக் கொல்லையில் மரம் சாய்ந்தது, பெண்ணுக்கு வேலை மாறியது. இவளும் சொல்வாள், புனேயில் இருக்கிற தம்பி தீபாவளிக்கு வரவில்லை, லிப்ட் ரிப்பேர், மூன்று மாடி ஏறினேன். கல்யாணம் ஒன்றரை வருடத்தில் முடிந்துபோனதைக்கூட ஒருநாள் மழையில் சொன்னாள், தமிழில் யாரிடமும் அத்தனை சுருக்கமாகச் சொல்ல வந்ததில்லை. யோசித்தால் ஒரு நாளில் அவள் தன் வாயால் தன் பேச்சைப் பேசுவது அந்த இரண்டு மணி இருபது நிமிடம்தான். மீதியெல்லாம் யாரோ சொல்வது, யாருக்கோ.

பெனிட்டா பாடத் தொடங்கியிருந்தாள், சர்ச் கொயர் குரல், நூடுல்ஸ் கடைப் பாட்டு ஏதோ தோத்திரம் மாதிரி எழும்பியது. ஒகுனோ-சான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கண்ணை மூடினால் அவர் முகம் அன்றைக்கு இருந்த முகம். மே மாதம், வியாழக்கிழமை, வயிற்றுவலி என்று எடுத்த ஸ்கேனைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தார்கள், டாக்டர் இவளைப் பார்த்தே பேசினார், நோயாளியைப் பார்த்துப் பேசுங்கள் என்று எப்போதும் சொல்வாள், அன்றைக்குச் சொல்லவில்லை. "கணையத்துல கட்டி இருக்கும்மா. உடனே ஊருக்குப் போகச் சொல்லுங்க. இந்த வாரமே. இது அவருக்காகக் காத்துக்கிட்டு இருக்காது." நாலு வாக்கியம். உடனே என்பதற்கு 'சுகு' என்று ஒரு சொல் இருக்கிறது, முதல் பாடப் புத்தகத்தில் நாலாம் பாடத்திலேயே வருகிறது, பதினெட்டு வருடத்தில் அந்தச் சொல்லை எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பாள், லைனை உடனே நிறுத்தச் சொல்கிறார், உடனே மாற்றச் சொல்கிறார். அன்றைக்கு வாயில் வந்தது 'ஹயமேனி'. கொஞ்சம் சீக்கிரமாகப் பார்த்துக்கொள்வது நல்லது என்கிற மாதிரி. பல் வலிக்குச் சொல்கிற சொல். அவர் கேட்டார், புது உற்பத்தி லைன் ஓடத் தொடங்கிவிடட்டும், ஜூலைக்குள் போனால் பரவாயில்லையா. அதை டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். டாக்டர் எழுந்துவிட்டார், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ கூப்பிட்டார்கள், அவள் தலையை ஆட்டினாள். யார் தலையை ஆட்டச் சொன்னது? இந்த வாரமே, காத்துக்கிட்டு இருக்காது, இரண்டையும் அவள் சொல்லவே இல்லை. அறிக்கை இங்கிலீஷில் இருந்தது, அவர் மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். ஒன்பது வாரம். லைன் ஓடத் தொடங்கி, ஜப்பானுக்கு அறிக்கையை அனுப்பி, அங்கிருந்து ஒரே நாளில் பதில், உடனே வரவும். அந்தப் பதிலை வேனில் அவரே படித்துக் காட்டினார், 'சுகு' என்று இருந்தது. படித்துவிட்டு மடித்தார், ஒன்றும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? பயத்தில் சொல் மாறிவிட்டது என்று தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லிவிட்டாள், அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது, யாராக இருந்தாலும் அப்படித்தான், ஆனால் இல்லையே, கொரியாக்காரர் ஒருவரின் அம்மா செத்துப்போனதை இதே வாயால் சொல்லவில்லையா, ஆள் குறைப்பு அன்று நாற்பது பேரிடம் சொல்லவில்லையா. முகம் இல்லை காரணம். வேன். இந்த வாரமே என்றால் வரும் வாரம் ஜன்னலோர இருக்கை காலி. அந்த ஒரு நொடியில் அவளுக்குத் தெரிந்தது கட்டி இல்லை, டாக்டர் இல்லை, காலி இருக்கைதான். அப்படியா? அப்படி ஒருத்தி இருப்பாளா? மறுபடி யோசித்துப் பார், வசு. மறுபடி யோசித்தாலும் அங்கேயே வந்து நின்றது.

"மேடம்! உங்களுக்கு!" தணிகாசலம் மைக்கை நீட்டிக்கொண்டிருந்தான். ஜப்பானிலிருந்து வந்திருக்கிற இளைய எஞ்சினியர் ஹாசேபே பாடி முடித்திருந்ததே அவளுக்குத் தெரியவில்லை. "என்ன எழுத்து?" "ரு," என்றான் ஹாசேபே, பல் தெரியச் சிரித்து, கஷ்டமான எழுத்தைக் கொடுத்துவிட்ட பெருமையில். எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். அவள் நோட்டின் அந்தப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்தாள், பாட்டுக் கருவியில் அந்தப் பாட்டின் எண்ணை அழுத்தினாள், திரையில் ஒரு காலி வீட்டு முற்றம் வந்தது, பியானோ தொடங்கியது. மைக்கை வாயருகே கொண்டுபோனபோது எதிர் இருக்கை காலியாக இருந்தது. ஒகுனோ-சான் சுவரைப் பிடித்துக்கொண்டு கதவைத் திறந்து வெளியே போய்க்கொண்டிருந்தார். முதல் வரி நீலத்தில் ஓடியது, அவள் பாடவில்லை. இரண்டாம் வரி ஓடியது. "ஏழுமலை, இதைப் பிடிப்பா," என்று மைக்கை அவன் மடியில் போட்டுவிட்டு எழுந்தாள். "ஐயோ, எனக்கு இதெல்லாம் வராதும்மா," என்று ஏழுமலை சொல்வது பின்னால் பெரிதாக எதிரொலித்தது, எல்லாரும் சிரித்தார்கள்.

வராந்தாவில் வெயில் கண்ணைக் குத்தியது. கீழே சாலையில் புதுக் கார்களை அடுக்கிய நீள லாரிகள் நின்றிருந்தன. ஒகுனோ-சான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார், சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத்தான் வந்தாள். வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"ஒகுனோ-சான், அன்றைக்கு டாக்டர் சீக்கிரமாக என்று சொல்லவில்லை. உடனே என்றார். நான் மாற்றிச் சொன்னேன்."

அவர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்தார். கழுத்தைத் துடைத்தார். நாலாக மடித்தார்.

"அப்படியா," என்றார்.

கதவுக்குப் பின்னால் ஆள் பாடாத பாட்டு தானாக ஓடிக்கொண்டிருந்தது.

"ஜூலை பரவாயில்லையா என்று நான் கேட்டேன். அதை நீங்கள் அவரிடம் கேட்கவில்லை."

"கேட்கவில்லை. தலையாட்டினேன்."

"பார்த்தேன்." அவர் லாரிகளைப் பார்த்துக்கொண்டே பேசினார். "டாக்டர் எழுந்து போவதையும் பார்த்தேன். அவரைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். உங்கள் தலையாட்டல் எனக்கு வசதியாக இருந்தது."

அவள் நெஞ்சில் ஏதோ ஒன்று இளகத் தொடங்கியது. அவர் திரும்பினார்.

"அது என் பங்கு. உங்களுடைய பங்கு வேறு. அதை என்னால் எடுத்துக்கொள்ள முடியாது, வசுமதி-சான்." பாஸுமதி என்றுதான் வந்தது. "ஏன் மாற்றினீர்கள்?"

அழகான சொற்கள் எத்தனையோ இருந்தன. பதினெட்டு வருடம் அதைத்தானே சேர்த்திருந்தாள், இந்த மொழியில் எதையும் வலிக்காமல் சொல்ல ஆறு படிகள் உண்டு, ஆறும் தெரியும். "நீங்கள் போய்விடுவீர்கள் என்று," என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். கோபம் என்றால் கோபம் மாதிரியும் இல்லை. தரப் பரிசோதனை மேஜையில் விரிசல் விட்ட பாகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாரே, அந்தப் பார்வை. பிறகு இரண்டு கையையும் பக்கவாட்டில் நேராக வைத்துக்கொண்டு நிமிர்ந்து நின்றார். "அவர் சொன்னதை முழுக்கச் சொல்லுங்கள். அவர் சொன்னபடியே." அவள் சொன்னாள். கட்டி என்றாள். சுகு என்றாள். இந்த வாரமே என்றாள். இது உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்காது என்று சொல்லும்போது குரல் உடைந்தது, உடைந்ததால் மறுபடி முதலிலிருந்து அந்த வாக்கியத்தைச் சொன்னாள். அவர் ஒருமுறை தலை குனிந்து நிமிர்ந்தார், அறிக்கை வாங்கிக்கொள்வது போல. "நன்றி," என்றார். அதில் மன்னிப்பு இருந்ததா என்று அவளுக்குத் தெரியவில்லை, இருந்ததாக நினைத்துக்கொள்ளவும் தைரியம் வரவில்லை.

கதவைத் திறந்து அவரே முன்னால் போனார். பாட்டை நிறுத்தச் சொன்னார். நிறுத்தினார்கள். தணிகாசலம் வாயில் போட்ட கோழித் துண்டை மெல்லாமல் வைத்துக்கொண்டு நிமிர்ந்தான். ஒகுனோ-சான் ஏழுமலையிடமிருந்து மைக்கை வாங்கி அவள் கையில் கொடுத்து, ஜப்பானிய மொழியில் பேசத் தொடங்கினார், ஒரு வாக்கியம், நிறுத்தம், ஒரு வாக்கியம், நிறுத்தம், கூட்டங்களில் பேசுகிற அதே அளவு. ஹாசேபேயின் சிரிப்பு முதல் வாக்கியத்திலேயே போய்விட்டது. அவள் தமிழில் சொன்னாள்.

"எனக்குப் பதவி எதுவும் இல்லை. உங்க கிட்ட பொய் சொல்லிட்டேன். எனக்குக் கணையத்துல கட்டி. புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குத்தான் போறேன்."

பெனிட்டா சட்டென்று அவள் முழங்கையைப் பிடித்தாள். "மேடம், உங்களுக்கா? என்ன மேடம் சொல்றீங்க, உங்களுக்கா?" அவர் 'நான்' என்றால் அவளும் 'நான்' என்பாள், அது தொழில், மூன்று வருடமாக எல்லாருக்கும் பழகியதுதான், ஆனாலும் அந்தப் பெண்ணின் கண் இவள் முகத்தில் எதையோ தேடி ஓடியது. அவள் முழங்கையைப் பிடித்து யாரும் அப்படிக் கேட்டு எத்தனை வருடமோ. இல்லை என்று தலையாட்ட வேண்டும். அவள் ஆட்டவில்லை. "அவர் சொல்றார், பெனிட்டா," என்று வாயால் சொன்னாள், மெதுவாக, தெளிவாக.

ஒகுனோ-சான் மேஜையில் யாரோ உரித்துவைத்த சோயாத் தோல்களைப் பார்த்தார். பிறகு ஒரே ஒரு சொல் சொன்னார், மூன்று வருடத்தில் எந்தக் கூட்டத்திலும் அவர் சொல்லாத சொல். அதற்கு மென்மையான சொற்கள் தமிழிலும் உண்டு, கவலையாக இருக்கிறது, மனசு சரியில்லை, எத்தனையோ. ஹாசேபே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வசுமதி மைக்கை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"எனக்குப் பயமா இருக்கு," என்றாள்.

பாட்டுக்காக ஏற்றிவைத்த எதிரொலியை யாரும் குறைக்கவில்லை. அது அறையின் நாலு மூலைக்கும் போய்த் திரும்பியது. ஏழுமலை தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றான், அவனைப் பார்த்து மற்றவர்களும் எழுந்தார்கள். ஒகுனோ-சான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த வாக்கியத்தைத் தொடங்கினார், நீளமான வாக்கியம். அவள் அவர் பக்கம் திரும்பி, அது முடிகிறவரை கேட்டாள்.